மூன்று பறவைக் கீறல்

வெர்னா ஸ்விக்கரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் யோசிக்க மாட்டார்கள். உழைப்பாளி, சுத்தக்காரி, கைமணக்காரி, சொன்ன சொல் தவறாதவள். ஐந்தாவதாக ஒன்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஐந்தாவது, பொறாமைக்காரி.

அவளும் அதை மறுத்ததில்லை. சிலருக்குச் சர்க்கரை வியாதி, சிலருக்கு மூட்டுவலி, தனக்கு இது என்று விட்டுவிட்டாள். பக்கத்துத் தோட்டத்து எல்ஸி கார்க்கம் வீட்டுத் துணிக்கொடியில் படுக்கை விரிப்புகள் ஒரு பிடி கூடுதல் வெள்ளையாகத் தெரிந்தால், அன்று மத்தியானமே வெர்னா வீட்டு விரிப்புகள் மறுபடி ஊறப் போய்விடும். அந்த எல்ஸிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தபோது ஊரே பூவும் சூப்புமாகப் போய்ப் பார்த்தது. வெர்னாவும் போனாள். திரும்பி வரும்போது வண்டியில் புருஷனிடம், "எனக்கு ஒரு காய்ச்சல்கூட ஒழுங்கா வந்து தொலைய மாட்டேங்குது" என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு யாரைப் பார்த்தும் வயிறு எரிய வேண்டியிருந்ததில்லை. அது ஆப்பிள் பை, மாவுக்குள் ஆப்பிளை வைத்து மூடிச் சுடுகிற பலகாரம். அதில் மற்றவர்கள்தான் அவளைப் பார்த்து எரிந்தார்கள். அது அவளுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது.

பிறவியிலேயே வந்த கை அல்ல அது. லூனன்பர்க் கடற்கரையில் மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கிளேட்டன் ஸ்விக்கரைக் கட்டிக்கொண்டு நோவா ஸ்கோஷியாவின் இந்த ஆப்பிள் பள்ளத்தாக்குக்கு வந்தபோது, எந்த ஆப்பிள் எதற்கு என்றுகூடத் தெரியாது. முதல் வருஷம் மெக்கின்டோஷைப் போட்டுச் செய்தாள். கடித்துத் தின்ன அருமையான பழம்தான். அடுப்புக்குள் போனால் கஞ்சி. மேல் மாவை வெட்டியதும் உள்ளே இருந்ததெல்லாம் தட்டில் வழிந்து ஓடியது. கிளேட்டன் அதை ஸ்பூனால் அள்ளித் தின்றுவிட்டு, "மோசமில்லை" என்றான்.

அந்த ஒரு வார்த்தையோடு அவள் முப்பத்திநாலு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டாள். அடுத்தடுத்த வருஷங்களில் கையைச் சுட்டுக்கொண்டு, மாவைக் கருக்கி, பழத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஸ்பை என்ற பழத்தில் வந்து நின்றாள். தோட்டத்தில் எல்லாம் பறித்து முடித்த பிறகு கடைசியாகப் பழுக்கிற ஜாதி. கல் மாதிரி இருக்கும், புளிக்கும், வெந்தாலும் உருக்குலையாது. அதை விரல் தடிமனுக்கு அரிந்து, பழுப்புச் சர்க்கரையும் பட்டைத் தூளும் போட்டுப் பிசிறி, ஜாதிக்காயை அப்போதுதான் துருவி, கிராம்புத் தூளை நகத்தால் கிள்ளி எடுக்கிற அளவு சேர்ப்பாள். ஆப்பிள் சாற்றைப் பாகு பதம் வருகிற வரைக்கும் சுண்டக் காய்ச்சி அதில் ஒரு கரண்டி. மாவுக்குப் பன்றிக் கொழுப்புதான், வெண்ணெய் இல்லை. அது அடுப்பில் வேகும்போது ரோட்டில் போகிற வண்டி வேகம் குறையும். இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொண்டது. கிளேட்டன் மட்டும் ஒவ்வொரு வருஷமும் "மோசமில்லை" என்றான். பிறகு அதுவும் தேய்ந்துபோய், தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போவதோடு சரி.

கிளேட்டன் பேசவே மாட்டான் என்று சொல்ல முடியாது. உறைபனி விழுமா விழாதா என்பதைப் பற்றி முழு வாக்கியங்களாகப் பேசுவான். மற்ற விஷயங்களுக்கு அவனிடம் தலையாட்டல் இருந்தது. வெர்னாவும் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊமை மாட்டிடம் பாட்டு எதிர்பார்க்கக் கூடாது, யாரிடமும் சொல்லாதவன் என்னிடம் மட்டும் எப்படிச் சொல்வான் என்று. அந்தச் சமாதானத்தில்தான் ஐலா வந்து மண்ணைப் போட்டாள்.

ஐலா வெர்னாவின் ஓரகத்தி. கிளேட்டனின் தம்பி முரே ஒன்டாரியோவில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, முதல் கல்யாணம் முறிந்து, இரண்டாவதாக இவளைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். தண்டர்பே பக்கத்துக்காரி, பின்லாந்து வம்சம். ஐம்பது வயதில் தலை முழுக்க நரைத்திருந்தது, சாயம் பூசுவதில்லை, அது அவளுக்கு எடுப்பாகவும் இருந்தது. வெர்னாவின் முதல் வயிற்றெரிச்சல் அது. பனிக்காலத்தில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வயல் வழியாகவே கடைக்குப் போய் வந்தாள். இரண்டாவது. வெர்னாவின் நாய் அவளைக் கண்டால் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. சோறு போடுகிறவள் நான், குழைவது அவளிடமா என்று நாயோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது. அக்டோபரில் வந்த நன்றித் திருநாளைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று வழக்கம்போல் குடும்பம் முழுக்க வெர்னா வீட்டில். வான்கோழி, பரங்கி மசியல், கிரான்பெர்ரி எல்லாம் முடிந்து அவள் தன் ஆப்பிள் பையைக் கொண்டுவந்து வைத்தாள். ஐலாவும் ஒன்று கொண்டுவந்திருந்தாள். ஆப்பிளோடு பேரிக்காயும் சேர்த்தது. விருந்தாளி கொண்டுவந்ததைத் தொடாமல் இருந்தால் மரியாதையில்லை என்று கிளேட்டன் அதில் ஒரு துண்டு எடுத்தான். ஒரு வாய் வைத்தான். முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இது ரொம்ப நல்லா இருக்கு, ஐலா" என்றான்.

மேஜையில் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். முரே, "அண்ணனுக்கு ஜுரமா?" என்று சிரித்தான். ஐலா முகம் சிவந்து, "இன்னொரு துண்டு வைக்கட்டுமா?" என்றாள். "வை" என்றான் கிளேட்டன்.

வெர்னா சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தையல்ல, மூன்று வார்த்தை. அதிலும் "ரொம்ப". முப்பத்திநாலு வருஷமாக அவன் வாயில் அந்த வார்த்தை இருந்திருக்கிறது. இல்லாதவன் கொடுக்கவில்லை என்றால் மன்னிக்கலாம். வைத்துக்கொண்டே கொடுக்காதவனை என்ன செய்வது?  அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை, வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் கொட்டகையில் ஆப்பிள் தரம் பிரிக்கும்போது நல்ல பழத்தையெல்லாம் சொத்தைக் கூடையில் எறிந்தாள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். சாயங்காலம் ஐலா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சும்மாதான் வந்தேன். நேத்து நீ கொண்டுவந்தியே, அதுல ஏதோ ஒரு வாசனை வந்துச்சே. என்ன அது?"

ஐலா மறைப்பாள், மழுப்புவாள், "அது எங்க குடும்ப ரகசியம்" என்பாள் என்று நினைத்துக்கொண்டு போனாள். அப்படிச் சொல்லியிருந்தால் வசதியாகத் திட்டியிருக்கலாம். ஐலாவோ கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"ஏலக்காய்! எங்க பக்கத்துல எல்லா ரொட்டிலயும் போடுவோம். இந்தா, மோந்து பாரு. தூளா வாங்காதே, முழுசா வாங்கி நீயே இடி. பழம் ஆறுக்கு இத்தினியூண்டு போதும். குப்பியை வெச்சுக்கோயேன், என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

"வேணாம், வேணாம். எங்க வீட்ல அதெல்லாம் செலவாகாது" என்று வெர்னா வந்துவிட்டாள். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று வழியெல்லாம் பொருமினாள்.

அடுத்த நாள் நாற்பது நிமிஷம் வண்டி ஓட்டிப் போய், ஐலா வாங்குகிற கடைக்குப் போகாமல் வேறு கடையில், ஏலக்காய் வாங்கி வந்தாள். ஐலா இத்தினியூண்டு என்றால் நான் அதைவிடத் தாராளக்காரி என்று நாலு மடங்கு இடித்துப் போட்டாள். கிளேட்டன் முன்னால் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற பாவனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் முள்கரண்டிச் சத்தம் ஒரு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"வெர்னா, இருமல் மருந்து ஏதாவது கொட்டிடுச்சா இதுல?"

"தின்னா தின்னு, இல்லேன்னா நாய்க்கு வை!"

நாயும் தின்னவில்லை. அது ஐலா கைப்பட்டதாக இருந்தால் தின்றிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நாய்க்கும் மனுஷனுக்கும் என்ன வித்தியாசம்? இது ருசி விவகாரமே இல்லை, ஆள் விவகாரம். புதுசாக வந்தவள், சிரித்துப் பேசுகிறவள், அவள் பேரைச் சொன்னால் எல்லாம் இனிக்கிறது. பேரை மாற்றி வைத்தால்? தான் செய்ததையே ஐலாவுடையது என்று நினைத்துக்கொண்டு கிளேட்டன் தின்றால்? "ரொம்ப நல்லா இருக்கு" என்று அவன் வாயால் சொல்லட்டும். சொன்ன அடுத்த நிமிஷம், ஊர் முழுக்கக் கேட்கும்படி, "அது என்னோடது!" என்று சொல்லிவிடலாம். அந்த மூன்று வார்த்தையை அவனால் திரும்ப விழுங்க முடியாது.

எங்கள் ஊரில் அதற்கு வழியும் இருந்தது. ஆப்பிள் பைக்கு மேல் மாவு போட்டு மூடினால், ஆவி போகக் கத்தியால் கீறிவிட வேண்டும். கீறாவிட்டால் சாறு பொங்கி அடுப்பெல்லாம் வழியும். அந்தக் கீறலை ஆளுக்கு ஒரு விதமாகப் போடுவார்கள். அறுவடை விருந்து நடக்கிற மண்டபத்தில் இருபது முப்பது வீட்டுத் தட்டுகள் ஒரே மேஜையில் வரிசையாக இருக்கும், பேரெழுதி ஒட்டுகிற வழக்கம் கிடையாது, கீறலைப் பார்த்தே இது யார் கை என்று தெரிந்துகொள்வோம். எல்ஸி போடுவது சூரியன். வெர்னா போடுவது கோதுமைக் கதிர். ஐலா வந்த வருஷமே மூன்று பறவைகள் பறக்கிற மாதிரி கீறினாள், அதுதான் அவளுடையது என்றாகிவிட்டது. ஒருத்தி கீறலை இன்னொருத்தி போடக் கூடாது என்று யாரும் சட்டம் எழுதவில்லை. அடுத்தவள் கையெழுத்தை எவளாவது போடுவாளா?

விருந்து மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஸ்பை அப்போதுதான் பறித்து வந்திருந்தது. வெர்னா மூன்று தட்டு செய்தாள். ஒரே பழம், ஒரே மாவு, ஒரே பட்டை, ஒரே ஜாதிக்காய். இரண்டில் கதிர் கீறினாள். மூன்றாவதன் முன்னால் கத்தியோடு வெகுநேரம் நின்றாள். பழகாத கீறல் என்பதால் முதல் பறவையின் இறக்கை கொஞ்சம் கோணிப்போனது. மற்ற இரண்டும் அச்சு அசலாக வந்தன. அதைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்து, துணி போட்டு மூடி, யாரும் வருவதற்கு முன்னால் மண்டபத்துக்குப் போய் மேஜையில் ஐலா வழக்கமாக வைக்கிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள். திருடிக்கொண்டு போகிறவளுக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது. இவள் கொண்டுபோய் வைக்கிறவள்.

சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஐலா அவசரமாக வந்து, மேஜையைக் கவனிக்காமலே தன் இரண்டு தட்டுகளை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு மசிக்கச் சமையலறைக்குள் போய்விட்டாள். பை மேஜைக்கு எல்ஸி அதிகாரி. வருஷாவருஷம் அவள்தான் வெட்டிக் கொடுப்பாள். வெர்னா காபிக் கெண்டியை எடுத்துக்கொண்டாள். கெண்டியோடு சுற்றினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வான்கோழி முடிந்து சனம் பை மேஜைப் பக்கம் திரும்பியது. முதல் ஆளாக ஒரு டிராக்டர்காரன், கோணல் இறக்கைத் தட்டில்தான் துண்டு வாங்கினான். அடுத்து அவன் பெண்டாட்டி. எல்ஸி தனக்கும் அதில் ஒரு துண்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு, நின்றபடியே வாயில் போட்டாள்.

"அடியம்மா! இந்த ஏலக்காய் வாசம் இருக்கே, மூக்கைத் துளைக்குது! கையில என்ன வெச்சிருக்காளோ இந்த ஐலா."

அதில் ஒரு பொட்டு ஏலக்காய் கிடையாது. வெர்னாவுக்கு உள்ளுக்குள் கூத்தாடத் தோன்றியது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி, எல்லாரும் கண்ணால்தான் தின்கிறார்கள். கூடவே இன்னொன்றும் சுருக்கென்று குத்தியது. தன் பண்டத்தைத் தின்றுவிட்டு அவள் பேரைச் சொல்கிறார்கள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். எல்ஸியின் பாராட்டு யாருக்கு வேண்டும்? ஒருவன் வர வேண்டும்.

வந்தான். தட்டை ஏந்திக்கொண்டு மேஜையை ஒரு பார்வை பார்த்தான். கதிர் கீறிய இரண்டு தட்டும் அவன் கைக்கு நேராக இருந்தன. அவன் எட்டி, அவற்றைத் தாண்டி, எல்ஸி வெட்டிக்கொண்டிருந்த பறவைத் தட்டைக் காட்டி, "அதுல ஒண்ணு" என்றான். எட்டித்தான் காட்டினான். வெர்னா கண்ணால் பார்த்தாள். அவள் போட்ட வலையில் அவள் நினைத்தபடியே அவன் விழுந்தான், ஆனாலும் அந்த எட்டல் அவளைக் கொன்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்டாட்டி கையைத் தாண்டிப் போகிறானே பாவி!

கிளேட்டன் மூலையில் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான். ஒரு வாய். இரண்டு வாய். முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நிமிரவில்லை. வீட்டில் தின்கிற மாதிரியே, தீனி போட்ட குதிரை மாதிரி, ஒரே சீராகத் தின்றுகொண்டே போனான். வெர்னா கெண்டியோடு மூன்று சுற்று சுற்றிவிட்டாள். பாதித் துண்டு போயிற்று. முக்கால் போயிற்று. சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. கடைசித் துணுக்கையும் அவன் வழித்துப் போட்டுக்கொண்டபோது அவளால் பொறுக்க முடியவில்லை. கிட்டே போய்க் காபியை ஊற்றிக்கொண்டே, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஐலாவோடது எப்படி இருக்கு?"

"ஐலாவோடது இன்னும் சாப்பிடலையே" என்றான் கிளேட்டன்.

"இப்ப தின்னியே, அது?"

"இதுவா? இது நம்ம வீட்டுது."

கோப்பை நிரம்பி மேஜையில் வழிந்தது. அவன் கையை நகர்த்திக்கொண்டு, "காபி, காபி" என்றான். வெர்னாவுக்குக் காது அடைத்துவிட்டது. எல்ஸிக்கு அடைக்கவில்லை.

"என்ன கிளேட்டன் உளர்றே? நான்தானே வெட்டிக் குடுத்தேன். மூணு பறவை கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது. அதைப் பாத்துத்தான் எடுத்தேன். வாயில வெச்சா நம்ம வீட்டுது."

"ஏலக்காய் போட்டிருக்குப்பா அதுல!"

"அதுல எங்க இருக்கு ஏலக்காய்?"

அதற்குள் ஐலா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். மேஜையைப் பார்த்தாள். "நான் ரெண்டுதானே கொண்டுவந்தேன்" என்றாள். காலியாகிக்கொண்டிருந்த தட்டைத் தன் பக்கம் திருப்பி, மிச்சமிருந்த கோணல் இறக்கையைப் பார்த்தாள். எல்ஸியும் பார்த்தாள். டிராக்டர்காரனும் அவன் பெண்டாட்டியும் எழுந்து வந்து பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வெர்னாவைப் பார்த்தார்கள்.

அவள் திட்டமிட்டிருந்த கணம் இதுதான். "அது என்னோடது" என்று சொல்ல வேண்டிய இடம். அவனே முந்திக்கொண்டு அதைப் போட்டு உடைத்துவிட்ட பிறகு, சொல்லி என்ன? கெண்டி கையில் கனத்தது.

"எதுக்கு வெர்னா?" என்றாள் ஐலா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "என் கீறலை நீ எதுக்குப் போட்டே?"

"பொறாமைடி" என்றாள் வெர்னா. "வேற என்ன? வயித்தெரிச்சல். உன் தலைமயிரைப் பாத்தா எரியுது, என் நாய் உன்கிட்ட ஓடினா எரியுது. அன்னைக்கு இந்த மனுஷன் உன்னோடதைத் தின்னுட்டு வாயைத் திறந்தான் பாரு, அன்னையிலேர்ந்து நான் தூங்கலை."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, அடக்கிக்கொண்டார்கள். எல்ஸி, "கண்ணு, அந்தக் கெண்டியைக் குடு முதல்ல, சூடு" என்று வாங்கிக்கொண்டாள். கை காலியானதும் வெர்னாவுக்கு இன்னும் தைரியம் வந்தது. மானம் போனது போயிற்று, பாதி போவதும் முழுக்கப் போவதும் ஒன்றுதான். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. இத்தனை பேர் முன்னாடி சொல்லு. ஒரே வாயில என்னோடதுன்னு கண்டுபிடிக்கத் தெரியுதில்ல? முப்பத்திநாலு வருஷமா தின்னிருக்கே. நல்லா இருக்கா, இல்லையா?"

 கிளேட்டன் காலித் தட்டைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். உறைபனி விழுமா என்று யாரோ கேட்ட மாதிரி, பொறுப்போடு யோசித்தான்.

"நல்லா இருக்கான்னா..." என்று இழுத்தான். "அது எனக்குச் சொல்லத் தெரியலையே, வெர்னா. ஆப்பிள் பைன்னா எனக்கு இதுதான். மத்தவங்களோடதைத் தின்னா, இதுலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு தெரியும். இதை எதோட வெச்சுப் பாக்கறது?"

கிளேட்டன் அவ்வளவு நீளமாகப் பேசி, வானிலையைத் தவிர, நாங்கள் யாரும் கேட்டதில்லை. எல்ஸி கெண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.  வெர்னா கேட்ட வார்த்தை வரவில்லை, ஆனால் கேட்கத் தெரியாத ஒன்று வந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. இவ்வளவு வருஷமும் இது இவனுக்குள்ளே இருந்திருக்கிறது. முகம் சூடாகி, அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம்தான், சந்தேகமில்லை.

"ஐலாவோடது" என்றான் கிளேட்டன், கேட்டதற்குப் பதில் முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்ற நேர்மையோடு, "கொஞ்சம் நல்ல பக்கமா தள்ளி இருக்கு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. முரே மேஜையைத் தட்டினான். ஐலா, "ஐயோ, சும்மா இருங்களேன்!" என்று முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டாள். யாரும் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டுகள் மறுபடி நகர ஆரம்பித்தன, கீறல் மாற்றிப் போட்டதற்குத் தண்டனையாகப் பாத்திரமெல்லாம் வெர்னாதான் கழுவ வேண்டும் என்று எல்ஸி தீர்ப்புச் சொன்னாள், அதற்கும் ஒரு சிரிப்பு.

கிளேட்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தட்டோடு எழுந்தான். "அவளோடது ஒரு துண்டு பாத்துட்டு வரேன்" என்றான்.

"நீ உக்காரு" என்றாள் வெர்னா. "நான் கொண்டுவரேன்."

அவன் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போனாள். ஐலாவின் தட்டில் ஐந்து துண்டு மிச்சம் இருந்தது. எல்ஸி எடுத்துக் கொடுக்க வந்தாள், வெர்னா அவளை விலக்கிவிட்டு, ஐந்தையும் நிதானமாகப் பார்த்து, அதில் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.